இடப்பக்கம் ஒரு சாண்

அப்போதிக்கரி முத்துவேலு
கடனுக்குப் பதிலாய்த் தந்த துவக்கு.
இரட்டைக்குழல் இல்லை, றைபிள்.
கச்சாயில் அப்போது அது ஒன்றுதான்.
"றைபிள் ஓவசியர்" என்று எனக்குப் பேர் விழுந்தது.
நான் கட்டின பாலம் எதிலும் என் பேர் இல்லை.

வருசத்துக்கு ஒருக்கால் கச்சேரியில் வரிசை.
கிளாக்கர் குத்தும் ஊதா முத்திரை
சரியாக இலக்கத்தின் மேல்தான் விழும்.
தோட்டா எண்ணி வாங்கவேணும்,
எண்ணிக் கணக்குக் காட்டவேணும்.
வெறுங்கோதைக்கூட நான் எறிவதில்லை.
ஒன்றை எடுத்துப் பரிமளகாந்தி
ஊசி போட்டுவைத்தாள்.

மாரி தொடங்கினால் கட்டை ஊதும்,
குழலை நெருக்கும்.
தையல் மெஷின் எண்ணெய்,
கிழிந்த வேட்டித் துண்டு,
அதற்கென்றே ஒரு பிஸ்கற் பேணி.
"என்ரை மெஷின் கிறீச்சிடுறது
உங்களுக்குக் கேக்கிறேல்லை" என்பாள்.
கேட்டதில்லை. உண்மை.

கைபிடி மேலே. பின்னே.
முன்னே. கீழே.
முதல் மாதம் தோள்மூட்டு கத்தரிக்காய் நிறம்.
பிறகு பழகிற்று,
தோளுக்கோ எனக்கோ தெரியாது.

ஒரு குணம் இருந்தது அதற்கு.
நூறு யார் தூரத்தில்
இடப்பக்கம் ஒரு சாண் இழுக்கும்.
முத்துவேலு எங்கேயோ விழுத்தியிருக்கவேணும்,
கேட்டால் முகம் கறுக்கும்.
திருத்த ஆளில்லை.
பன்றியின் நெஞ்சு வேணுமென்றால்
பக்கத்துப் பற்றையைப் பார்க்கவேணும்.
அதைக் கண்டுபிடிக்க ஒரு வருசம்,
கண்டுபிடித்ததை மறக்காமலிருக்க இன்னொன்று.
கிளாலியில் தோணி ஏறிப் பூநகரிப் பக்கம் போய்
ஒன்பது வருசத்தில் விழுத்தினது
நாலு பன்றி, ஒரு மரை,
ஆரோ ஒருவருடைய எருமை.
எருமைக்குக் காசு கட்டினேன்.

எண்பத்தைந்து ஆவணி.
படலையில் ரோச் வெளிச்சம்.
"அண்ணை, துவக்கைத் தாங்கோ."
மரியாதையாகத்தான் கேட்டார்கள்.
ஒருவன் கொப்பித்தாளில் ரசீது எழுதினான்,
அதில் 'துவக்கு' எழுத்துப்பிழை.
நான் திருத்தவில்லை.

இன்னொருவன் சின்னவன்.
மீசை வருவதா வேண்டாமா என்ற முகம்.
கைபிடியோடு மல்லுக்கட்டினான்.
"இறுகிப்போச்சோ?"
"இல்லைத் தம்பி. மேலே, பின்னே,
முன்னே, கீழே."
சொன்னது என் வாய்தான்.
தேடிப்பார்த்திருக்கிறேன், வேறு வாய் அங்கே இல்லை.
எண்ணெய் பூசின குழல்
சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டது.
அவன் தோளில் வைத்து
வேலிக்கு அப்பால் தென்னையைப் பார்த்தான்.
"நேராப் போகுமோ அண்ணை?"
"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு
எத்தனை இரவு அந்த ஒரு சாணை அளந்திருக்கிறேன்.
அவன் குறிவைத்த ஆள் தப்பியிருப்பான்,
எந்த ஊரோ, எந்தப் பாசையோ.
இடப்பக்கம் நின்றவன்?
ஒரு சாண் தள்ளி நிற்பவனுக்கும்
தாய் இருப்பாள்தானே.
அல்லது சின்னவன் தவறவிட்டு
பின்னே, முன்னே என்று கை போகுமுன்
எதிர்ப்பக்கத்துத் துவக்கு நேராகச் சுட்டிருக்கும்.
கணக்கு எந்தப் பக்கமும் முடியவில்லை.
உண்மை சொல்லியிருந்தாலும் முடிந்திராது.
ஆனால் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை,
கொடுக்க விருப்பமில்லாத ஒன்றில்
கொஞ்சத்தை வைத்துக்கொண்டேன்,
அவ்வளவுதான்.

இந்தத் தையில் வலப்பக்கம் விழுந்துவிட்டது.
யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி,
பிசியோதெரப்பி அறை.
சிவப்புப் பந்தை உருட்டச் சொன்னால் கை கேட்காது.
கேத்தலைத் தூக்கச் சொன்னால் கேட்காது.
"கைக்குப் பழகின வேலை
ஏதாவது செய்யுங்கோ ஐயா" என்றாள் பிள்ளை.
நான் ஒன்றும் நினைக்கவில்லை.
கை தானாக எழும்பிற்று.
மேலே. பின்னே.
கொஞ்சம் நடுங்கி, முன்னே.
கீழே.

"கதவு திறக்கிறீங்களோ ஐயா?"
"ஓம்" என்றேன்.
அவள் அதை எழுதிக்கொண்டாள்.